48 குழந்தைகளின் கணக்கு

புற்றுநோய் என்றதும் நம் மனம் ஒரு காரணத்தைத் தேடுகிறது. புகை பிடித்தாரா, வெற்றிலையோடு புகையிலை போட்டாரா, ரசாயனத்தில் வேலை பார்த்தாரா என்று கேட்கிறோம். எதுவும் இல்லையென்றால் வயதாகிவிட்டது என்று சொல்லி ஆறுகிறோம். ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் புற்றுநோய் வந்தால் இந்தக் கேள்விகள் எதற்கும் பதில் கிடையாது. அது புகைத்ததில்லை, குடித்ததில்லை, இந்த உலகத்தில் இருந்த நாட்களே ஐந்நூற்றுச் சொச்சம்தான். அப்போது தேடல் பெற்றோர் பக்கம், அதிலும் பெரும்பாலும் தாயின் பக்கம் திரும்புகிறது. கர்ப்பமாக இருந்தபோது கிரகண நேரத்தில் வெளியே வந்தாளா, என்ன சாப்பிட்டாள், சொந்தத்தில் கட்டிக்கொடுத்ததால் வந்ததா, எந்த ஜென்மத்துப் பாவமோ என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இந்தக் கேள்விக்கு 1971-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு குழந்தை மருத்துவர் பழைய நோயாளிக் குறிப்புகளையும் கணக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு விடை கண்டார். அவர் பெயர் ஆல்ஃபிரட் நுட்சன். குழந்தைப் புற்றுநோயின் மரபணு ஆய்வு எங்கோ சிலருக்கு வரும் அரிய நோயைப் பற்றிய ஏட்டுப் படிப்பு என்றும், நம்மைப் போன்ற நாட்டுக்கு அது எட்டாத ஆடம்பரம் என்றும் ஓர் எண்ணம் இருக்கிறது. நுட்சனின் வேலையையும் அதிலிருந்து விளைந்தவற்றையும் பார்த்தால் அந்த எண்ணம் தவறு என்று தெரியும். எல்லாப் புற்றுநோய்களையும் புரிந்துகொள்ள வழி திறந்தது அந்த ஆய்வுதான். ஒரு குடும்பத்தின் அடுத்த குழந்தையின் கண்ணையும் உயிரையும் காப்பாற்றும் கருவியும் அதுவே.

நுட்சன் 1922-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றபின், கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் உயிர்வேதியியலும் மரபியலும் படித்து 1956-ல் முனைவர் ஆனார். நோயாளியின் படுக்கையையும் மரபியல் கணக்கையும் ஒரே மனிதர் கற்றிருந்தது அந்தக் காலத்தில் அரிது. புற்றுநோய் பற்றி அப்போது வலுவாக இருந்த ஒரு கருத்து, செல்லின் மரபுப் பொருளில் பல மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தால்தான் நோய் வரும் என்பது. 1953-ல் கார்ல் நார்ட்லிங்கும் 1954-ல் பீட்டர் ஆர்மிட்டேஜ், ரிச்சர்ட் டால் இருவரும் வயது ஏற ஏறப் புற்றுநோய் பெருகும் வேகத்தைக் கணக்கிட்டு, ஆறேழு படிகள் இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். பெரியவர்களுக்கு அது பொருந்தியது. ஆனால் பிறந்த சில மாதங்களிலேயே நோய் வரும் குழந்தைக்கு ஆறேழு விபத்துகள் சேர நேரம் ஏது? நுட்சன் இந்த இடத்தைத்தான் பிடித்தார். படிகள் மிகக் குறைவாக இருக்கக்கூடிய இடம் குழந்தை. ஆகவே புற்றுநோய் உண்டாக மிகக் குறைந்தது எத்தனை படி தேவை என்று எண்ண வேண்டுமானால் குழந்தையிடம்தான் எண்ண வேண்டும். அவர் எடுத்துக்கொண்ட நோய் ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படும் விழித்திரைப் புற்றுநோய். 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு வருவது, பெரும்பாலும் 5 வயதுக்குள் வெளிப்பட்டுவிடுவது. விழித்திரையை உருவாக்கும் செல்கள் அந்த வயதுக்குள் பிரிந்து பெருகுவதை நிறுத்திவிடுகின்றன என்பதால், நோய் வருவதற்கான காலமும் அத்துடன் முடிகிறது. சில குழந்தைகளுக்கு ஒரு கண்ணில் மட்டும் கட்டி வரும், சிலருக்கு இரண்டு கண்ணிலும் வரும். இரண்டு கண்ணிலும் வந்து பிழைத்தவர்கள் வளர்ந்து பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அதே நோய் வந்தது. இது மருத்துவர்களுக்கு முன்பே தெரியும். ஏன் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் கால் நூற்றாண்டுக் காலத்தில் பார்க்கப்பட்ட 48 குழந்தைகளின் குறிப்புகளை நுட்சன் எடுத்தார். 23 பேருக்கு இரண்டு கண்ணிலும், 25 பேருக்கு ஒரு கண்ணிலும் நோய். ஒவ்வொருவருக்கும் எந்த வயதில் கண்டுபிடிக்கப்பட்டது என்று பார்த்து, மாதம் போகப் போக இன்னும் நோய் வெளிப்படாதவர்கள் எத்தனை பங்கு என்று மடக்கை அளவில் ஒரு வரைபடம் போட்டார். இரு கண் நோயாளிகளின் புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன. ஒரு கண் நோயாளிகளின் புள்ளிகள் முதலில் மெதுவாகக் கிளம்பி, பிறகு வளைந்து இறங்கின. இந்த வித்தியாசத்தின் பொருளை ஒரு தெருவிளக்கை வைத்துப் பார்க்கலாம். ஒரு தெருவில் நூறு கம்பம், கம்பத்துக்கு ஒரு பல்பு. எந்தப் பல்பும் எந்த நேரத்திலும் ஃபியூஸ் போகலாம், மாதாமாதம் மிச்சம் எரிவதில் பத்தில் ஒன்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதத்திலேயே பத்துக் கம்பம் இருண்டுவிடும், பிறகும் அதே விகிதத்தில் இருளும். அதுதான் நேர்கோடு. இப்போது கம்பத்துக்கு இரண்டு பல்பு மாட்டுங்கள், இரண்டும் போனால்தான் கம்பம் இருட்டு. ஆரம்பத்தில் அநேகமாக எந்தக் கம்பமும் இருளாது. ஒரு பல்பு போன கம்பங்கள் சேரச் சேரத்தான் இருட்டு வேகம் பிடிக்கும். அதுதான் வளைந்த கோடு. இரு கண் குழந்தைகள் ஒரே ஒரு விபத்துக்குக் காத்திருந்தார்கள், ஒரு கண் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு விபத்துகளுக்குக் காத்திருந்தார்கள் என்று நுட்சன் முடிவு செய்தார். நோய் ஒன்றுதான், தேவையான விபத்துகளும் இருவருக்கும் இரண்டுதான். ஆனால் முதல் கூட்டத்துக் குழந்தைகள் ஒரு பல்பு ஏற்கெனவே போன நிலையில் பிறந்திருக்கிறார்கள், அதுவும் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும். அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் 1971-ல் வந்த இந்தக் கட்டுரையின் கருத்தைத்தான் இரு தாக்குதல் கோட்பாடு என்கிறார்கள்.

அந்தக் கணக்கில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. முதல் மாற்றத்தோடு பிறக்கும் குழந்தைக்குச் சராசரியாக மூன்று கட்டிகள் உண்டாகும் என்று நுட்சன் மதிப்பிட்டார். சராசரி மூன்று என்றால் சிலருக்கு ஐந்தாறு வரும், சிலருக்கு ஒன்றே ஒன்று வந்து ஒரு கண்ணோடு நிற்கும், நூற்றில் ஐந்து பேருக்கு ஒன்றுமே வராது. இந்த ஐந்து பேர் நோயில்லாமல் வளர்ந்து, தம் பிள்ளைக்கு அந்த மாற்றத்தைக் கொடுத்துவிடுவார்கள். தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு இல்லை, பேத்திக்கு வந்தது என்று தலைமுறை தாண்டி வருவதாகக் குடும்பங்களில் சொல்வார்களே, அந்தப் புதிர் இங்கே அவிழ்கிறது. எந்தப் பூர்வ வினையும் தேவைப்படவில்லை. தற்செயல் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு, அந்தக் கணக்கே போதுமானதாக இருந்தது.

கணக்கு சரி, பொருள் எங்கே என்று கேட்கலாம். அதற்கு 15 ஆண்டுகள் பிடித்தன. சில நோயாளிகளிடம் 13-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போயிருப்பது நுண்ணோக்கியில் தெரியவந்தது. 1983-ல் வெப்ஸ்டர் கேவனியும் சக ஆய்வாளர்களும் ஒரே குழந்தையின் ரத்தத்தையும் கட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரத்தத்தில் 13-ஆம் குரோமோசோமின் தாய்வழிப் பிரதியும் தந்தைவழிப் பிரதியும் இருந்தன. பல கட்டிகளில் ஒரு பிரதி தொலைந்து போயிருந்தது. நல்ல பிரதி இருந்தவரை செல் ஒழுங்காக இருந்திருக்கிறது, அதுவும் போனபின் கட்டியாகியிருக்கிறது. 1986-ல் பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த தாடியஸ் டிரைஜா, ஸ்டீஃபன் ஃபிரெண்ட், ராபர்ட் வைன்பெர்க் ஆகியோரின் குழு அந்த மரபணுவையே பிரித்தெடுத்தது. ஆர்பி1 என்று பெயர். அது உண்டாக்கும் புரதம் 928 அமினோ அமிலங்கள் கொண்டது. செல் இரண்டாகப் பிரியக் கிளம்பும்போது 'பொறு' என்று தடுத்து வைப்பது அதன் வேலை. வண்டிக்கு பிரேக் போல. இரண்டு பிரதியும் பழுதானால் பிரேக் இல்லை. இதற்குள் புற்றுநோய் ஆய்வின் கவனம் முழுக்க வைரஸ்கள் மீதும், செல்லை முடுக்கிவிடும் மரபணுக்கள் மீதும் குவிந்திருந்தது. புதிதாக ஏதோ வந்து சேர்வதால் புற்றுநோய் வருகிறது என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தபோது, இருக்கவேண்டிய ஒன்று இல்லாமல் போவதாலும் வரும் என்று 48 குழந்தைகளின் கணக்கு சொல்லியிருந்தது. கட்டியை அடக்கும் மரபணு என்று மனித இனத்தில் முதலில் கையில் கிடைத்தது ஆர்பி1தான். டிபி53, பெருங்குடலின் ஏபிசி, சிறுநீரகக் கட்டியின் டபிள்யூடி1, மார்பகத்தின் பிஆர்சிஏ1 எல்லாம் பின்னால் வந்து அதே வரிசையில் நின்றன.

இந்த ஆய்வுக்கு அறிவியல் உலகுக்குள்ளேயே மறுப்புகள் உண்டு, அவை அற்பமானவை அல்ல. 48 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. இரண்டு கோடுகளையும் வேறு விதமாக விளக்க முடியும் என்றும் வாதிட்டிருக்கிறார்கள். படிப்படியான மாற்றம் என்ற எண்ணம் நுட்சனுக்கு முன்பே இருந்தது என்பதும் உண்மைதான். இரண்டாவது தாக்குதல் அதே மரபணுவின் மறுபிரதியில்தான் விழுகிறது என்பதை 1971 கட்டுரை தீர்மானமாகச் சொல்லவும் இல்லை. அது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவானது. இவற்றை ஒப்புக்கொண்டும் ஒன்றைச் சொல்லலாம். ஒரு கருதுகோளின் மதிப்பு அது எத்தனை பேரை எண்ணியது என்பதில் இல்லை. எங்கே தேடினால் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, தேடியவர்களுக்கு அது கிடைத்ததா என்பதில் இருக்கிறது. 1983-லும் 1986-லும் கிடைத்தது. இதைவிடக் கடினமான மறுப்பு 2013-ல் வந்தது. ஒரு கண்ணில் மட்டும் கட்டி வந்த குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பேருடைய கட்டியில் ஆர்பி1 இரண்டு பிரதியும் பழுதில்லாமல் இருந்தது. மாறாக எம்ஒய்சிஎன் என்ற முடுக்கி மரபணு பல மடங்கு பெருகியிருந்தது. பிறந்து சில மாதங்களே ஆன சிசுக்களுக்கு வரும் மூர்க்கமான நோய் அது. தவிர, ஆர்பி1 இரண்டும் போனபின்னும் முழுக் கட்டியாக வளர வேறு மாற்றங்களும் துணை செய்கின்றன என்று தெரிந்திருக்கிறது. ஆக, எல்லா விழித்திரைப் புற்றுநோயும் இரண்டே அடியில் முடிகிற கதை அல்ல. ஆனால் நூற்றில் 98 பேருக்கு வாசலைத் திறப்பது அந்த இரண்டு அடிகள்தான். விதிவிலக்கு என்று ஒன்றைப் பிரித்துச் சொல்ல முடிந்ததே விதி தெளிவாக இருந்ததால்தான். அந்தச் சிசுக்களின் நோயைத் தனி வகையாக மருத்துவர்கள் இன்று அடையாளம் காண்பதும் அதனால்தான்.

உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 குழந்தைகளுக்கு வரும் ஒரு நோய்க்கு இவ்வளவு உழைப்பு தேவையா என்பது வெளியிலிருந்து கேட்கப்படும் கேள்வி. நம் நாட்டில் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் ஒன்றான கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காரணம் ஹெச்பிவி என்ற வைரஸ். அந்த வைரஸ் செல்லை எப்படிக் கெடுக்கிறது என்று 1989-ல் கண்டபோது, அதன் ஈ7 என்ற புரதம் போய் ஒட்டிக்கொண்டு செயலிழக்கச் செய்வது எதை என்று பார்த்தால், அதே ஆர்பி புரதம். குழந்தையின் கண்ணில் தற்செயலாக அறுந்த பிரேக்கை வைரஸ் வேண்டுமென்றே பிடித்து முடக்குகிறது. பெரியவர்களின் நுரையீரல் புற்றுநோயில் ஒரு கொடிய வகையான சிறுசெல் புற்றில் அநேகமாக எல்லாக் கட்டிகளிலும் ஆர்பி1 போயிருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு 2015-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பால்போசிக்லிப் என்ற மாத்திரை, ஆர்பி புரதத்தை முடக்கும் நொதிகளைத் தடுத்து, பிரேக்கை மறுபடி பிடிக்கவைக்கிறது. அரிய நோய் என்று 1960-களில் யாராவது இந்தக் குறிப்பேடுகளை மூடி வைத்திருந்தால், இன்று ஆயிரக்கணக்கான பெண்கள் சாப்பிடும் மாத்திரையின் பின்னால் உள்ள அறிவு வேறு எந்த வழியில், எத்தனை ஆண்டு தாமதித்து வந்திருக்குமோ. குழந்தைக் கட்டிகளில் மரபணு மாற்றங்களின் எண்ணிக்கை பெரியவர்களுடையதைவிடப் பல மடங்கு குறைவு. 2018-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு 14 மடங்கு குறைவு என்று கண்டது. இரைச்சல் குறைவான இடத்தில் குரல் தெளிவாகக் கேட்கும். அதனால்தான் அடிப்படை விதிகள் குழந்தைகளிடம் முதலில் புலப்பட்டன.

ஆனால் அந்தக் குழந்தைகள் மற்றவர்களுக்குப் பாடமாக மட்டும் இருந்துவிட்டால் அது நியாயமில்லை. அவர்களுக்கு இந்த அறிவு என்ன செய்தது என்பதுதான் முதலில் கேட்கவேண்டியது. கண்ணை எடுத்துவிடாமல் காப்பாற்ற, இந்த நோய்க்கு நீண்ட காலம் வெளியிலிருந்து கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி கரைந்தது, பிள்ளைகள் பிழைத்தார்கள். பத்து இருபது ஆண்டுகள் கழித்து, அவர்களில் சிலருக்குக் கதிர்வீச்சு பட்ட முகத்து எலும்பிலும் தசையிலும் வேறு புற்றுநோய் வந்தது. இது யாருக்கு வந்தது என்று பார்த்தால் கணக்கு பளிச்சென்று தெரிந்தது. பிழைத்தவர்களை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்து 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, நோய் கண்டு 50 ஆண்டுகளில், பிறவியிலேயே மாற்றத்தோடு வந்தவர்களில் 36 சதவீதம் பேருக்குப் புதிதாக ஒரு புற்றுநோய் வந்தது. மற்றவர்களில் அது 6 சதவீதத்துக்கும் குறைவு. முன்னவர்களுக்கு உடம்பின் எல்லாச் செல்லிலும் ஒரு பல்புதான் எரிகிறது. கதிர்வீச்சு அந்த மிச்சப் பல்பையும் அணைக்கிறது. நோயைத் தீர்க்கக் கொடுத்த மருந்தே இரண்டாவது தாக்குதலாகிவிட்டது. இது புரிந்தபின் 1990-களிலிருந்து மருத்துவர்கள் வெளிக் கதிர்வீச்சைக் கைவிட்டு, கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி லேசராலும் உறைய வைத்தும் அழிக்கும் முறைக்கு மாறினார்கள். பின்னர் கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாயிலேயே மருந்தைச் செலுத்தும் முறையும் வந்தது. மரபணுவைப் பற்றிய ஓர் உண்மை, அறுவை அரங்கிலும் வார்டிலும் முடிவுகளை மாற்றிய தெளிவான உதாரணம் இது. நுட்சனின் மனைவி ஆனா மெடோஸ், குழந்தைப் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்களுக்குப் பிற்காலத்தில் வரும் பாதிப்புகளை ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பிழைக்கவைத்ததோடு மருத்துவரின் பொறுப்பு முடிவதில்லை என்ற எண்ணம் அன்று பரவலாக இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்காவிட்டால் இவ்வளவு சொன்னதும் கெடுதலாகவே முடியலாம். மரபணுவால் வரும் நோய் என்றால் பரம்பரை நோய் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. விழித்திரைப் புற்றுநோய் வரும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 60 பேருக்கு இரண்டு தாக்குதலும் பிறந்தபின்னோ கருவிலோ விழித்திரையின் ஒரே செல்லுக்குள் நடந்தவை. அவர்களிடமிருந்து அது யாருக்கும் போகாது. மீதி 40 பேரிலும் பெரும்பாலானவர்களின் பெற்றோருக்கு அந்த மாற்றம் கிடையாது. விந்தணு அல்லது கருமுட்டை உருவாகும்போது புதிதாக நேர்ந்த எழுத்துப் பிழை அது. குடும்பத்தில் யாருக்காவது முன்பே இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் நூற்றில் பத்துப் பேர் போல்தான். புதிதாக நேரும் அந்தப் பிழை யாருடைய குரோமோசோமில் அதிகம் என்று 1989-ல் பார்த்தபோது, பெரும்பாலும் தந்தையிடமிருந்து வந்த பிரதியில்தான் இருந்தது. தாயின் சாப்பாட்டையும் கிரகணத்தையும் குறை சொல்கிறவர்கள் இதை அறிந்துகொள்ளவேண்டும். தந்தையைக் குற்றம் சொல்லவும் இதில் இடமில்லை. கோடிக்கணக்கில் விந்தணுக்களைப் பிரதி எடுக்கும் உடம்பில் பிழை விழுவது இயற்கை. சொந்தத்தில் திருமணம் செய்ததும் இந்த நோய்க்குக் காரணமில்லை. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்தால் உண்டாகும் நோய்களுக்குத்தான் உறவுத் திருமணம் வழி விடுகிறது. விழித்திரைப் புற்றுநோய்க்குப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும் ஒரு பிரதியே போதும், இரண்டாவது பழுது குழந்தையின் கண்ணுக்குள் நேர்கிறது. மற்றக் குழந்தைப் புற்றுநோய்களிலும் நிலைமை ஏறக்குறைய இப்படித்தான். அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனை மையமாக இருந்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 20 வயதுக்குட்பட்ட 1,120 புற்றுநோயாளிகளில் 95 பேரிடம்தான், அதாவது 8.5 சதவீதத்தினரிடம்தான், பிறவியிலேயே நோய்க்கு வழிசெய்யும் மாற்றம் இருந்தது. அவர்களில் குடும்ப விவரம் கிடைத்த 58 பேரில் 23 பேர் வீட்டில் மட்டுமே வேறு யாருக்கோ புற்றுநோய் இருந்திருக்கிறது. குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்பதை வைத்து மரபணு மாற்றம் இல்லை என்று மருத்துவரும் முடிவு கட்ட முடியாது, வீட்டாரும் முடிவு கட்ட முடியாது.

பிறகு எப்படித் தெரிந்துகொள்வது? ரத்தப் பரிசோதனையில்தான். இங்கேதான் வலுவான எதிர்வாதம் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்கு 4 லட்சம் குழந்தைகளுக்கும் இளையோருக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை. விழித்திரைப் புற்றுநோயிலோ பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். நம்மிடம் குழந்தைகள் சாவதற்குக் காரணம் ஆர்பி1 சோதனை இல்லாதது அல்ல, கண்ணிலிருந்து நோய் வெளியே பரவியபின் ஆஸ்பத்திரிக்கு வருவது. அப்படியிருக்க மரபணுச் சோதனைக்குச் செலவிடுவது வீடு எரியும்போது வர்ணம் பூசுவது போலாகாதா? இந்த வாதத்தின் முதல் பாதியை அப்படியே ஏற்கிறேன். தாமதம்தான் கொல்கிறது. ஆனால் இரண்டாவது பாதி கணக்கில் தவறுகிறது. ஒரு குழந்தைக்கு இந்த நோய் வந்துவிட்டால், அதன் தம்பி தங்கைகளைத் தாமதமில்லாமல் கண்டுபிடிக்க வேறு வழி என்ன? சோதனை இல்லையென்றால் ஒவ்வொரு தம்பியையும் தங்கையையும் பிறந்ததிலிருந்து பல ஆண்டுகள், சில வாரத்துக்கோ சில மாதத்துக்கோ ஒரு முறை, மயக்க மருந்து கொடுத்துக் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரைக்கு, கூலியை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு எத்தனை முறை போவார்கள்? நான்கு முறை போய் ஒன்றுமில்லை என்றதும் ஐந்தாவது முறை நின்றுவிடுவார்கள், நின்றதற்காக அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. நோயுற்ற குழந்தையின் ரத்தத்தில் என்ன மாற்றம் என்று ஒரு முறை கண்டுவிட்டால், பிறகு மற்றப் பிள்ளைகளிடம் அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும். இல்லை என்றால் மயக்க மருந்தும் வேண்டாம், பயணமும் வேண்டாம், பயமும் வேண்டாம். இருக்கிறது என்றால் அந்தக் குழந்தையை மட்டும் விடாமல் கவனிக்கலாம், குண்டூசித் தலை அளவில் கட்டி இருக்கும்போதே லேசரால் அழித்துவிடலாம். ஆகவே இந்தச் சோதனையே முன்கூட்டிக் கண்டறியும் வழிகளில் ஒன்று, பணத்தையும் மிச்சப்படுத்தும் வழி. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1,500 குழந்தைகளுக்கு இந்த நோய் வருவதாக மதிப்பிடுகிறார்கள். உலகத்திலேயே பெரிய எண்ணிக்கைகளில் ஒன்று இது. சென்னை சங்கர நேத்ராலயாவிலும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் ஆர்பி1 பற்றிய ஆய்வுகள் நடந்து வெளியாகியிருக்கின்றன. அறிவும் ஆட்களும் இல்லாத நிலை அல்ல இது. அரசு காப்பீட்டில் அறுவைக்கும் கீமோவுக்கும் இருக்கும் இடம் இந்த ரத்தச் சோதனைக்கும் வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான ஆசை அல்ல.

இன்னொரு அச்சம் உண்டு, அதைப் பெற்றோர் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மாற்றம் இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதி வந்துவிட்டால் நாளைக்கு இந்தப் பெண்ணுக்கு யார் வரன் கொடுப்பார்கள் என்பதுதான் அது. இதை அறியாமை என்று தள்ளிவிடுவது கொடுமை. நம் ஊரில் வரன் பேசும்போது ஒரு கண் போன பெண்ணை எப்படிப் பார்ப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்ததால்தான் அஞ்சுகிறார்கள். ஆனால் அந்தப் பயத்தால் சோதனையைத் தவிர்த்தால் மாற்றம் போய்விடுவதில்லை, தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு கண்ணில் மட்டும் நோய் வந்த குழந்தைகளில் 100-க்கு 15 பேர் அளவில்தான் பிறவி மாற்றம் கொண்டவர்கள். மீதி 85 பேர், தங்கள் பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்ற காரணமில்லாத பயத்தைச் சோதனை இல்லாததால் வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறார்கள், அவர்களுடைய கல்யாணப் பேச்சும் அந்தப் பயத்தாலேயே தடைபடுகிறது. ஆக, அவர்களை விடுவிப்பதும் அதே காகிதம்தான். மாற்றம் இருப்பவர்களுக்கோ, தன் பிள்ளை பிறந்த முதல் வாரத்திலேயே கண்ணைக் காட்டவேண்டும், தனக்கு வேறு நோய்க்காக ஸ்கேன் எடுக்கவோ கதிர்வீச்சு கொடுக்கவோ நேர்ந்தால் மருத்துவரிடம் முதலில் இதைச் சொல்லவேண்டும் என்பது உயிர்காக்கும் தகவல். முடிவைக் குடும்பத்துக்கு விளக்கிச் சொல்ல ஓர் ஆள், அதை அவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாமல் காக்கும் கண்டிப்பு, இரண்டும் சோதனையோடு சேர்ந்தே வரவேண்டும். இவை இல்லாமல் சோதனையை மட்டும் கொண்டுவந்தால் அந்த அச்சம் நியாயமாகிவிடும்.

நுட்சனுக்கு 1998-ல் லாஸ்கர் பரிசும் 2004-ல் கியோட்டோ பரிசும் கிடைத்தன. நோபல் கிடைக்கவில்லை. 2016 ஜூலையில், 93-ஆவது வயதில், ஃபிலடெல்ஃபியாவில் காலமானார். உலக சுகாதார நிறுவனம் 2030-க்குள் குழந்தைப் புற்றுநோயாளிகளில் 60 சதவீதம் பேரையாவது பிழைக்கவைக்க வேண்டும் என்று 2018-ல் தொடங்கிய முயற்சியில், முதலில் கவனிக்கவேண்டிய 6 நோய்களில் ஒன்றாக விழித்திரைப் புற்றுநோயும் இருக்கிறது. அந்த இலக்கில் நம் பங்கு மருத்துவமனையில் தொடங்குவதில்லை, வீட்டில் தொடங்குகிறது. குழந்தையின் கருமணிக்குள் வெள்ளையாக ஏதோ மினுங்கினால், ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுந்தால், மாறுகண் தெரிந்தால், அதிர்ஷ்டம் என்றோ வளர்ந்தால் சரியாகிவிடும் என்றோ காத்திருக்காதீர்கள். அந்த வாரத்திலேயே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். நோய் உறுதியாகிவிட்டால், சிகிச்சை பற்றிக் கேட்கும்போதே ஆர்பி1 ரத்தப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். வீட்டில் இன்னொரு குழந்தை இருந்தால், அதன் கண்களையும் அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.